ஹைலக்ஸில் வேன் எஞ்சின் தப்பா உட்கார்ந்திருக்கு: இறக்கணுமா, இருந்தபடியே சரி பண்ணலாமா?

லயன்_ஹைலக்ஸ் (சுங்கை சிப்புட்)

அண்ணன்மார்களுக்கு வணக்கம். வண்டி 1994 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், பின் சக்கர ஓட்டம், ஐந்து கியர். கெரானில் (வண்டிப் பதிவுச் சான்று) 2எல், 2.4 டீசல்; 2எல், 3எல் எல்லாம் எஞ்சின் மாடல் பேர், லிட்டர் இல்லை. ஆனா பிளாக்கில் பொறிச்ச நம்பர் 3எல்-னு ஆரம்பிக்குது. முன்னாடி வச்சிருந்தவர் பழைய வண்டிகளை வெட்டி விக்கிற ஹாஃப்-கட் கடையில வேன் எஞ்சின் வாங்கி மாத்தியிருக்கார், வேலை அரைகுறை. தோட்டத்து மண் ரோட்டில் செம்பனைக் குலை ஏத்தி ஓட வேண்டிய வண்டி இது.

கண்ணால் பார்த்தது: ரெண்டு பக்க எஞ்சின் மவுண்டிங்குக்கும் கீழே சதுரக் குழாய் இரும்பை வெட்டி வெல்டிங் அடிச்சிருக்கு. விசிறி ரேடியேட்டரோட மேல் பாதியில நிக்குது, விசிறியைச் சுத்தி இருக்க வேண்டிய கூடு, அதான் ஷ்ரவுட், இல்லவே இல்லை. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால, பிரேக்குக்கு உறிஞ்சு விசை தர்ற வேக்கும் பம்ப்ல இருந்து ஆயில் திரும்புற இடத்தில் மெல்லிசான டீசல் ஹோஸைப் போட்டு கம்பியால கட்டியிருக்கு. ஸ்டார்ட் பண்ணும் முன் எஞ்சினைச் சூடாக்குற குளோ பிளக்குக்குத் தனி பட்டன், ஒத்தை வயர்.

ஓட்டும்போது: சுமையோட ஏத்தத்தில் சூடு முக்கால் தாண்டுது. லைட்டைப் போட்டாலும் சூட்டு முள் உடனே கொஞ்சம் ஏறுது. கிளட்ச் விடும்போது வண்டி உதறுது. நியூட்ரல்ல உறுமல் சத்தம், பெடலை மிதிச்சா நின்னுடுது. 65 கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிருது. காலையில முதல்ல பிரேக் கல்லு மாதிரி. கறுப்புப் புகை. எதை முதல்ல தொடுறது?

ஈப்போ_போமன்

தம்பி, முதல்ல பிரேக். அது சரியாகும் வரைக்கும் சுமை ஏத்தாதீங்க. எஞ்சினை நிறுத்திட்டு பெடலை நாலைந்து தடவை மிதிங்க, கெட்டியாயிடும். அப்படியே அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. கால் கொஞ்சம் கீழே இறங்கணும். இறங்கலன்னா வேக்கும் வரல. வேக்கும் மீட்டர் கிடைச்சா பம்ப் வாயில நேரா மாட்டிப் பாருங்க. ஆரோக்கியமான பம்ப் 600 எம்எம் பாதரசத்துக்கு மேல காட்டும். பம்ப் நல்லா இருந்து பூஸ்டர் பக்கம் குறைஞ்சா, நடுவில உள்ள ஒன்வே வால்வையும் ஹோஸையும் பாருங்க.

அந்த டீசல் ஹோஸ்தான் எனக்குப் பெரிய பயம். பம்புக்கு ஆயில் உள்ளே வர்ற குழாய் சின்னது, வெளியே போற குழாய் பெரிசு. காரணம், உள்ளே அழுத்தத்தில் வருது, வெளியே தானா வழிஞ்சு இறங்குது. திரும்புற வழியைச் சின்னதாக்கினா ஆயில் பம்புக்குள்ளேயே தேங்கி, சீல் வழியா ஆல்டர்னேட்டருக்குள் போகும். கொஞ்ச நாள்ல சார்ஜும் போயிடும். ஹோஸ் கழன்றுட்டா எஞ்சின் ஆயில் ரோட்டுல. பம்ப் குழாயோட வெளி அளவை எடுத்து, ஆயில் தாங்குற ஹோஸ் வாங்கி, எங்கேயும் தொங்கி வளையாம கீழ்நோக்கி விட்டு, ஸ்க்ரூ கிளிப் போடுங்க. கம்பி வேண்டாம்.

அடுத்து, நீங்க சொன்ன பாதி நோய்க்கு மூலம் ஒண்ணுதான்னு நினைக்கிறேன்: சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கிற தொட்டி. 2எல், 3எல், 5எல் ஒரே குடும்பம். ஹைலக்ஸோட 2எல் இருந்த இடத்தில் 3எல் அதே மவுண்டிங்ல உட்காரும், இரும்பு வெட்டி உயர்த்த வேண்டிய தேவையே இல்லை. உயர்த்தியிருக்காங்கன்னா வேன் சம்பை அப்படியே விட்டிருக்காங்க, அது குறுக்குச் சட்டத்தில் இடிச்சிருக்கு. எஞ்சின் மேலே போனதால விசிறியும் மேலே போச்சு, ஷ்ரவுட் இடிக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டாங்க. முன்பக்கம் தூக்கினா கியர்பாக்ஸ் வால் சாயும், பின் சக்கரத்துக்குச் சுத்து கொண்டுபோற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டோட கோணம் கெடும். சூடும் அதிர்வும் ஒரே இடத்திலிருந்து வருது.

மூணு அளவு எடுத்துச் சொல்லுங்க. இரும்புத் துண்டோட உயரம், சம்புக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி, கியர்பாக்ஸும் எஞ்சினும் சேர்ற விளிம்பில் எங்காவது மேடு பள்ளமா படி தெரியுதா.

வயர்_வேலு

லைட் போட்டா சூட்டு முள் ஏறுதுன்னா அது சூடு இல்லை, எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்புற வழி) பிரச்சனை. மல்டிமீட்டரை 2 வோல்ட் அளவில் வச்சு, ஹெட்லைட்டை எரிய விட்டு, பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் பாடியோட சுத்தமான இரும்புக்கும் நடுவே அளங்க. 0.1 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அடுத்து ஸ்டார்ட்டர் சுத்தும்போது நெகட்டிவ் முனைக்கும் பிளாக்குக்கும் நடுவே: 0.3-க்கு மேல போகக்கூடாது. ஸ்டார்ட் ஆகாம இருக்க, டீசல் பம்ப்ல உள்ள, டீசலை நிறுத்துற கட் சோலினாய்டு வால்வோட வயரைக் கழட்டிட்டு சுத்துங்க.

குளோ பட்டனை இன்னையிலிருந்து தொடாதீங்க. பிளக்கைக் கழட்டி அதன் மேல பொறிச்ச வோல்ட்டைப் படிங்க. சில டொயோட்டா பிளக் 6 வோல்ட், அதுக்கு ரெசிஸ்டரும் டைமரும் சேர்ந்து வேலை செய்யணும். பட்டன்ல நேரா 12 வோல்ட் கொடுத்தா நுனி வீங்கிடும். வீங்கின நுனி ஹெட் துளை வழியா வெளியே வராது, உடைஞ்சு சிலிண்டருக்குள் விழும். அதனால கழட்டும்போது இறுக்கமா இருந்தா முரட்டுத்தனமா இழுக்காதீங்க. எஞ்சினைச் சூடாக்கி, துருவெடுக்கிற எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமா கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க.

12 வோல்ட் பிளக்குன்னா நாலும் சேர்ந்து ஆரம்பத்தில் 40 ஆம்பியருக்கு மேல இழுக்கும். ஒத்தை மெல்லிய வயரும் கதவு மணி பட்டனும் தாங்காது. 80 ஆம்பியர் குளோ ரிலே, பேட்டரி பக்கத்திலேயே 80 ஆம்பியர் ஃபியூஸ், குறைஞ்சது 8 சதுர எம்எம் கேபிள். பட்டன் ரிலேயை மட்டும் இயக்கட்டும்.

தைப்பிங்_டீசல்

மொத்தமா தூக்கிட்டு கியர்பாக்ஸோட ஒரு ஹைலக்ஸ் ஹாஃப்-கட் வாங்கிப் போடுறதுதான் சுலபம்னு எனக்குப் படுது. ஒட்டுப்போட்ட வேலையைப் பிரிச்சா ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும்.

லயன்_ஹைலக்ஸ்

அளந்துட்டேன். இரும்புத் துண்டு 40 எம்எம். சம்புக்கும் சட்டத்துக்கும் 6 எம்எம் இடைவெளிதான், சம்ப்ல இடிச்ச தழும்பும் இருக்கு. லைட் போட்டு பாடியில் 0.8 வோல்ட். சுத்தும்போது பிளாக்கில் 0.2. நெகட்டிவ் கேபிள் பிளாக்குக்கு மட்டும்தான் போகுது, அங்கிருந்து பாடிக்கு ஒண்ணுமே இல்லை.

கியர்பாக்ஸோட முன் கூடான பெல் ஹவுசிங் விளிம்பை விரல் நகத்தால தடவினா வலப்பக்கம் படி தட்டுது. டீசல் பம்ப் பின்பக்கம், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற மெயின் ஸ்க்ரூவில் ஈய முத்திரை இல்லை, நட்டில் புது ஸ்பேனர் அடையாளம். குளோ பிளக் 12 வோல்ட், நாலும் நேரா இருக்கு.

ஈப்போ_போமன்

அந்த 40 எம்எம்தான் எல்லாம். எஞ்சின் மவுண்டிங்குக்கும் கியர்பாக்ஸ் மவுண்டிங்குக்கும் நடுவே ஒரு மீட்டர்னு வச்சுக்கிட்டா, முன்பக்கம் 40 எம்எம் தூக்கினதில் மொத்தமும் 2.3 டிகிரி சாயுது. ஷாஃப்ட் ஜாயின்ட் வேலை செய்யற கோணம் 3 டிகிரிக்குள்ள இருந்தா நல்லதுங்கிற இடத்தில் இது பெரிய மாற்றம்.

தைப்பிங் தம்பி சொல்ற மாதிரி இன்னொரு எஞ்சின் வாங்கத் தேவையில்லை. 3எல் டர்போ இல்லாத, டீசல் பம்ப் வச்ச எஞ்சின், கம்ப்யூட்டர் கிடையாது, சுமைக்கு ஏத்தது. தப்பு எஞ்சின்ல இல்லை, உட்கார வச்ச விதத்தில். ஆனா ஒரு விஷயத்தை முதல்ல தீர்மானிங்க: ஹெட் நல்லா இருக்கா? இந்த எல் வகைக்குப் பலவீனம் அதுதான், சூடேறி ஓடினா வால்வுகளுக்கு நடுவே விரிசல் விடும். ராத்திரி முழுக்க ஆறின வண்டியில, காலையில ஸ்டார்ட் பண்ணும் முன் ரேடியேட்டர் மேல் ஹோஸைப் பிசைஞ்சு பாருங்க. கெட்டியா இருந்தா உள்ளே கேஸ் ஏறியிருக்கு. மூடியைத் திறந்து ஓட விட்டா தொடர்ந்து குமிழ் வருதான்னும் பாருங்க. ரெண்டும் இல்லைன்னா தாராளமா செலவு பண்ணலாம்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே இறக்குங்க. சம்ப், கிளட்ச், பின்பக்க கிராங்க் சீல், டைமிங் பெல்ட், எல்லாத்துக்கும் ஒரே கூலி.

அந்தப் படி எதனாலன்னா, பிளாக்குக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே ரெண்டு டவல் பின் இருக்கணும். கியர்பாக்ஸை நடு மையத்தில் நிறுத்துறது போல்ட் இல்லை, அந்தப் பின்கள்தான். போல்ட் துளையில் எப்பவும் ஆட்டம் இருக்கும். பின் இல்லாம முடுக்கினா கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் மையம் விலகி நிக்கும். கிளட்ச் உதறல், பெடலை மிதிச்சா நிக்கிற அந்த உறுமல், ரெண்டும் அதோட வேலை. உறுமல் வந்துட்டதால இன்புட் பேரிங் தேய்ஞ்சிருக்கும். பின் போட்ட கையோட அதையும் கிராங்க் நுனியில் உள்ள பைலட் பேரிங்கையும் மாத்துங்க. டிஸ்க் போடும்போது ஃபிளைவீல் பக்கம் எதுன்னு பார்த்து, சென்டர் பண்ணுற கட்டையோட போடுங்க. பழைய டிஸ்க்கை வைக்காதீங்க, கோணலா தேய்ஞ்சிருக்கும்.

சம்ப் மாத்தும்போது, அதுல இருந்து ஆயிலை உறிஞ்சுற ஆயில் ஸ்ட்ரெய்னரும் ஜோடியா மாறணும். ஹைலக்ஸ் சம்ப்ல வேன் ஸ்ட்ரெய்னர் போட்டா ஒண்ணு அடியில ஒட்டும், இல்லைன்னா ஏத்தத்தில் காத்தை இழுக்கும். ஸ்ட்ரெய்னர் வாயில களிமண் உருண்டை ஒட்டி, சம்பை சும்மா வச்சு ரெண்டு போல்ட் முடுக்கி, திரும்பக் கழட்டி களிமண் தடிப்பை அளங்க. 10 எம்எம் அளவில் இருந்தா சரி. அப்புறம் ரெண்டு முகத்தையும் எண்ணெய்ப் பசை இல்லாம துடைச்சு, 3 முதல் 5 எம்எம் வரைக்கும் சிலிக்கான் கோடு போட்டு, காயும் முன்னே மூடுங்க. டிப்ஸ்டிக்கும் ஹைலக்ஸ் குழாயோடு சேர்ந்ததா இருக்கணும். வேன் குச்சி இந்த சம்ப்ல பொய் சொல்லும்.

சதுர இரும்பை அறுத்துட்டு, சட்டத்தை மட்டமாத் தேய்ச்சு, புது மவுண்டிங் ரப்பர். கியர்பாக்ஸ் மவுண்டிங்கும் சேர்த்து மூணு. எஞ்சின் இறங்கினதும் விசிறி தானா ஷ்ரவுட் நடுவுக்கு வரும். விசிறி இலை பாதி ஷ்ரவுட்டுக்குள்ள, பாதி வெளியே இருக்கணும். ஷ்ரவுட் இல்லாம மெதுவா ஏத்தம் ஏறினா விசிறி அதே சூடான காத்தைத்தான் சுத்தும்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழட்டும்போது எல்லா யோக்கிலும் (ஜாயின்டைப் பிடிக்கிற கவை) பெயின்ட் கோடு போடுங்க. அவங்க கழட்டினப்ப கோடு போட்டிருக்க மாட்டாங்க, அதனால ஒரே ஷாஃப்டோட ரெண்டு யோக்கும் ஒரே நேர்ல இருக்கான்னு பாருங்க. நடு பேரிங் ரப்பரையும் அழுத்திப் பாருங்க.

புகைக்கு: முதல்ல ஏர் ஃபில்டர், அப்புறம் டீசல் பம்ப் டைமிங் கோடு, கடைசியாதான் முத்திரை இல்லாத அந்த டீசல் ஸ்க்ரூ. உள்ளே முடுக்கினா டீசல் கூடும். எட்டில் ஒரு பங்கு சுத்து வெளியே எடுங்க, லாக் நட் முடுக்கி, சுமையோட ஏத்தத்தில் பாருங்க. முழு மிதியில் லேசான மங்கல் மட்டும் தெரியற இடத்தில் நிறுத்துங்க. இந்த ஸ்க்ரூவைத் தொட்டா ஐட்லிங்கும் மாறும், அதைக் கடைசியா சரி பண்ணுங்க. கூடுதல் டீசல் சூட்டையும் கூட்டும், ஹெட்டுக்கு அதுவும் எதிரி.

டைமிங் பெல்ட்டை எந்த நிலையில் இருந்தாலும் மாத்துங்க, டென்ஷனரோட. 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்த வேண்டியது, ஹாஃப்-கட் எஞ்சினுக்குக் கணக்கே கிடையாது. போட்டு முடிச்சு, கிராங்கைக் கையால ரெண்டு முழுச் சுத்து சுத்தி, குறிகள் திரும்ப ஒத்து வருதான்னு பார்த்துட்டுத்தான் சாவி போடணும்.

வயர்_வேலு

0.8 வோல்ட் பதில் சொல்லிடுச்சு. பிளாக்கிலிருந்து ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) ஒரு பின்னல் எர்த், பேட்டரி நெகட்டிவ்விலிருந்து பாடிக்கு இன்னொண்ணு. பெயின்டைச் சுரண்டி வெள்ளி மாதிரி மின்னுற இரும்புல போல்ட் பண்ணி, மேல கிரீஸ் தடவுங்க. இப்ப பாடி கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் மாதிரி கிடைச்ச வழியில எல்லாம் திரும்புது. அந்த கேபிள் வெந்து இறுகுறதுக்கு முன்னே செய்யுங்க. எர்த் போட்ட பிறகு சூட்டு முள் எங்கே நிக்குதுங்கிறதுதான் உண்மையான அளவு. அதுவும் வேன் சென்சாரா இருந்தா தப்பா காட்டும், பழைய 2எல்-ல இருந்தது கிடைச்சா மாத்திடுங்க.

பார்ட்ஸ்_கவுன்டர்_அக்கா (கோலகங்சார்)

தம்பி, ஒரு காசு செலவு பண்ணும் முன்னாடி கெரான் விஷயத்தைப் பாருங்க. பேர் மாத்தும்போது பி5 பரிசோதனையில எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஒப்பிடுவாங்க. கெரான்ல 2எல், வண்டியில 3எல்னா அங்கேயே நிக்கும். 2446 சிசி 2779 ஆகியிருக்கு, அதனால நம்பர் மட்டுமில்ல, விவரமும் மாறணும். எஞ்சின் மாற்றத்துக்கு ஜேபிஜே-யிடம் (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி கேட்கணும், எஞ்சின் எங்கே வாங்கினதுன்னு ரசீது கேட்பாங்க. முன்னாள் சொந்தக்காரர்கிட்ட அந்த ரசீதை இப்பவே வாங்கிடுங்க. கெரான் இன்னும் அவர் பேர்ல இருந்தா விண்ணப்பத்துக்கு அவர் கையெழுத்தும் தேவைப்படும். இன்சூரன்சும் கெரானைப் பார்த்துத்தான் பேசும்.

சாமான் வாங்க வரும்போது கெரான் நம்பரைச் சொல்லாதீங்க, பிளாக் நம்பரைச் சொல்லுங்க. பெல்ட், ஹெட் கேஸ்கெட், தெர்மோஸ்டாட் எல்லாம் 3எல். சம்ப், ஸ்ட்ரெய்னர், மவுண்டிங், ஷ்ரவுட் எல்லாம் ஹைலக்ஸ். இதைக் கலந்து கேட்டுத்தான் பாதிப் பேர் தப்பா வாங்கிட்டுப் போறாங்க. டவல் பின் தனியா கிடைக்கலன்னா பழைய பிளாக் கிடக்கிற பொத்தோங் கடையில (வண்டியைப் பிரிச்சு விக்கிற கடை) கேளுங்க, ரெண்டையும் கேளுங்க.

எஞ்சினுக்கு டீசல் வர்ற ஹோஸ்களையும் அப்படியே மாத்திடுங்க. 2019-லிருந்து எண்ணெய் நிலையத்துல வர்றது பி10, செம்பனை எண்ணெய் கலந்தது. பழைய ரப்பர் அதுல ஊறி இளகி, காத்து இழுக்கும், காலையில ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். பயோடீசல் தாங்கும்னு எழுதின ஹோஸாப் பார்த்துக் கேட்டு வாங்குங்க.

ஈப்போ_போமன்

அக்கா சொன்ன ரசீது வந்த பிறகே எஞ்சினை இறக்குங்க. ஏத்தி முடிச்சதும் கையேட்டில் உள்ள அளவு ஆயிலை ஃபில்டரோட சேர்த்து ஊத்தி, சோலினாய்டு வயர் இல்லாம ஆயில் லைட் அணையற வரை சுத்துங்க, அப்புறம் ஸ்டார்ட். நிறுத்தி பத்து நிமிஷம் விட்டு, குச்சியில் ஆயில் நிக்கிற இடம் முழுக் குறியோட ஒத்து வருதான்னு பாருங்க. வரலன்னா அந்த இடத்தில் அரத்தால புதுக் குறி போடுங்க. முதல் வாரம் அரை சுமை. அதுக்கப்புறம் மவுண்டிங், பெல் ஹவுசிங், ஷாஃப்ட் ஃபிளேஞ்ச் போல்ட் எல்லாத்தையும் திரும்ப ஒரு தடவை முடுக்கிட்டு குலை ஏத்துங்க.