பழைய பில்லைத் திறந்தால் புது ஜிஎஸ்டி வருகிறது: காம்போபாக்ஸில் தேர்ந்தெடுத்ததும் கட்டங்களை நிரப்புவது எப்படி?

கவுண்டர்நிரலி
வணக்கம். ஒரு மொத்த மளிகைக் கடைக்கு விபி டாட்நெட் வின்ஃபார்ம்ஸில் (விண்டோஸ் திரைகள் எழுதும் கருவி) பில்லிங் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காம்போபாக்ஸில் (கீழே விரியும் பட்டியல்) பொருளைத் தேர்ந்தெடுத்தால் ஹெச்எஸ்என் (வரிக்கான பொருள் குறியீடு), யூனிட், விலை, வரி சதவீதம் நான்கும் பக்கத்து டெக்ஸ்ட்பாக்ஸ்களில் வந்து விழும். தேர்வு மாறியதும் தானாக ஓடும் செலக்டட்இண்டெக்ஸ்சேஞ்ச்டு ஈவென்டில் பொருளின் பெயரை வைத்து டேட்டாபேஸில் ஒரு குவெரி, அதில் வருவதை நான்கு கட்டத்திலும் போடுகிறேன். இத்தனை நாளும் ஒழுங்காகத்தான் ஓடியது.

2025 செப்டம்பர் 22 அன்று ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கெல்லாம் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 ஆனதும் மாஸ்டரில் (பொருள்களின் இன்றைய விலையும் வரியும் இருக்கும் டேபிள்) மாற்றினேன். அக்டோபரில் ஒருவர் ஆகஸ்ட் பில்லுக்கு நகல் கேட்டிருக்கிறார். திறந்து அச்சடித்தால் 1,180 ரூபாய் வாங்கின பில் 1,050 என்று வருகிறது. பில் டேபிளில் போய்ப் பார்த்தேன், 18 என்றுதான் இருக்கிறது. திரையில் மட்டும் 5. கடை முதலாளி "அப்போ 130 ரூபாய் கூட வாங்கிட்டோமா?" என்று கேட்கிறார். எங்கே தப்பு விட்டேன்?

மதுரைபைண்டிங்
தப்பு அந்தக் குவெரியில்தான். காம்போபாக்ஸை நிரப்பும்போதே பொருள் டேபிளை ஒரு முறை படித்துவிட்டீர்கள். விலையும் வரியும் அப்போதே மெமரிக்கு வந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு ஒவ்வொரு தேர்வுக்கும் சர்வருக்கு ஓடுவானேன்? கவுண்டரில் இருப்பவர் கீழ் அம்புக்குறியை ஆறு தடவை தட்டினால் ஆறு குவெரி. டேபிளையும் திரைக் கட்டங்களையும் இணைக்கும் பைண்டிங்சோர்ஸ் 2005-லிருந்து டாட்நெட்டில் இருக்கிறது. டேபிளை அதில் போட்டு, காம்போவையும் நான்கு டெக்ஸ்ட்பாக்ஸையும் அதோடு கட்டிவிடுங்கள். ஈவென்டே வேண்டாம், ஒரு வரி நிரல்கூட (கோடு) எழுத வேண்டாம்.

பழையவிபி
தம்பி, கடைக்குப் போய் அப்படியே செய்துவிடாதீர்கள். இன்னும் பெரிய வம்பில் மாட்டுவீர்கள்.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ஈவென்டில் ஒரு பிரேக்பாயின்ட் (கோடு ஓடும்போது நிறுத்திப் பார்க்கும் இடம்) வைத்து, பழைய பில்லைத் திறந்து பாருங்கள். காம்போவை நீங்கள் தொடவே மாட்டீர்கள், ஆனாலும் அங்கே போய் நிற்கும். பில்லை ஏற்றும் கோடு முதலில் 18-ஐக் கட்டத்தில் போடுகிறது. அடுத்து காம்போவில் பொருளைக் காட்ட அதன் செலக்டட்வேல்யூவை, அதாவது தேர்ந்தெடுத்த மதிப்பை, மாற்றுகிறது. மாற்றியது ஆளா, கோடா என்று இந்த ஈவென்ட் பார்ப்பதில்லை. ஓடிப்போய் இன்றைய 5-ஐ எடுத்து வந்து 18-க்கு மேல் எழுதிவிடுகிறது. விபி 6-லும் இதே கதைதான். லிஸ்ட்இண்டெக்ஸைக் கோடில் மாற்றினாலே கிளிக் ஈவென்ட் ஓடும்.

செலக்ஷன்சேஞ்ச்கமிட்டட் என்று இன்னொரு ஈவென்ட் இருக்கிறது. ஆள் கையால் தேர்ந்தெடுத்தால்தான் அது வரும். நிரப்பும் கோடை அங்கே மாற்றுங்கள். அதற்குள் காம்போவின் டெக்ஸ்டைப் படிக்காதீர்கள், சில சமயம் பழைய பெயரே இன்னும் இருக்கும். தேர்ந்தெடுத்த பொருளைத் தரும் செலக்டட்ஐட்டத்தைப் படியுங்கள்.

மதுரைக்காரர் சொன்ன பைண்டிங்கைப் போட்டால் இந்த வசதியும் கையை விட்டுப் போய்விடும். பழைய பில்லைத் திறந்து காம்போ நகர்ந்ததும் டெக்ஸ்ட்பாக்ஸ்களும் இன்றைய மாஸ்டருக்கு நகரும். அதைத் தடுக்க உங்களிடம் ஒரு ஈவென்ட்கூட இருக்காது.

மதுரைபைண்டிங்
அண்ணா, பழைய பில் நகர்வதை ஒப்புக்கொள்கிறேன். பழைய பில்லைக் காட்ட வேறு ஃபார்ம், பில் டேபிளோடு கட்டியது, போட்டால் தீர்ந்தது. புது பில்லுக்கு பைண்டிங்கில் என்ன குறை?

பழையவிபி
விலைக் கட்டத்தில் கவுண்டர்காரர் கை வைப்பார், அதுதான் குறை. தெரிந்த வாடிக்கையாளர் வந்தால் 212-ஐ 205 ஆக்குவார். பைண்டிங்கின் இயல்பு நிலை என்ன தெரியுமா? ஆன்வேலிடேஷன். கட்டத்தை விட்டு வெளியே வந்ததும் அந்த 205 மெமரியில் இருக்கும் பொருள் டேபிளுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். ஒரு ஆளுக்காகக் குறைத்தது, அடுத்து அதே பொருளை வாங்க வருகிறவருக்கும் 205. யாராவது ஒரு இடத்தில், மெமரியில் மாறியதை டேட்டாபேஸில் எழுதும் டேட்டாஅடாப்டரின் அப்டேட்டைக் கூப்பிட்டால் மாஸ்டரே மாறிவிடும். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கடையில் பருப்பு விலை தினமும் குறைந்துகொண்டே வந்தது, யார் மாற்றுகிறார்கள் என்று தெரியாமல் வேலைக்கு இருந்த பையனைத் திட்டித் தீர்த்தார்கள். அந்தப் பையன் ஒன்றும் செய்யவில்லை. பைண்டிங்தான் செய்தது.

மதுரைபைண்டிங்
அந்தப் பையனுக்கு நேர்ந்தது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அது பைண்டிங்கின் குற்றமில்லை, பாதி படித்துவிட்டுப் போட்டவர் குற்றம். டேட்டாசோர்ஸ்அப்டேட்மோடை நெவர் என்று கொடுத்தால் டேபிளிலிருந்து கட்டத்துக்கு வரும், திரும்பப் போகாது. உங்கள் வழியிலும் ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லுங்கள். ஆட்டோகம்ப்ளீட் (தட்டத் தட்டப் பெயரைத் தானே நிரப்புவது) வைத்த காம்போவில் நாலு எழுத்து தட்டி டேப் அடித்தால் செலக்ஷன்சேஞ்ச்கமிட்டட் சில நேரம் வராது. பெயர் புதுசு, விலை முந்தைய பொருளுடையது. கவுண்டரில் யாரும் மவுஸைத் தொடுவதில்லை, எல்லாம் டேப்தான்.

பழையவிபி
சரியான பாயின்ட். காம்போவை விட்டு வெளியே வரும்போது ஓடும் வேலிடேட்டட் ஈவென்டிலும் அதே நிரப்பும் கோடைக் கூப்பிட வேண்டும். கடைசியாக நிரப்பிய பொருள் ஐடியை ஒரு வேரியபிளில் வைத்து, மாறியிருந்தால் மட்டும் நிரப்ப வேண்டும். முதல் பதிலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சோப்புக்கடை
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். நான் புரோகிராமர் இல்லை, கடை வைத்திருக்கிறேன், பொழுது கிடைக்கும்போது மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸில் எழுதுவேன். நிரலி பெயரை வைத்துக் குவெரி போடுவதாகச் சொன்னதை யாரும் கவனிக்கவில்லையே? வரி குறைந்த பிறகு என் ரேக்கில் ஒரே சோப்பு, ஒரே எடை, பழைய எம்ஆர்பி ஒரு அடுக்கு, புது எம்ஆர்பி ஒரு அடுக்கு. பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம் கிடையாது. பெயரை வைத்துத் தேடினால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் கிடைக்கும் விலைதான் வரும்.

பழையவிபி
இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், நன்றி சார். நிரலி, பெயர் ஆள் படிப்பதற்கு. கோடு ஐடியைத்தான் படிக்க வேண்டும். டிஸ்ப்ளேமெம்பரில் (திரையில் தெரிவது) பெயரும் எம்ஆர்பியும் சேர்ந்த ஒரு நெடுவரிசை, வேல்யூமெம்பரில் (கோடு படிப்பது) ஐடி. இரண்டையும் கொடுத்த பிறகே டேட்டாசோர்ஸைக் கொடுங்கள். முன்னால் கொடுத்தால் முதல் ஈவென்டில் செலக்டட்வேல்யூவாக எண் வராது, டேட்டாரோவ்யூ (டேபிளின் ஒரு முழு ரெக்கார்ட்) வந்து நிற்கும், மாற்ற முடியவில்லை என்று எரர் அடிக்கும்.

பெயரை எஸ்க்யூஎல் (குவெரி எழுதும் மொழி) சரத்தோடு ஒட்டிக் குவெரி எழுதுகிறீர்கள் என்றால் அதையும் இன்றே நிறுத்துங்கள். லேஸ் சிப்ஸை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் ஒரு ஒற்றை மேற்கோள் வரும், குவெரி அங்கேயே உடையும். கெட்ட எண்ணத்தோடு ஒருவர் தட்டினால் டேபிளே போகும். சரத்தோடு ஒட்டாமல் தனியாக அனுப்பும் பாராமீட்டரில் ஐடியைக் கொடுங்கள்.

மதுரைபைண்டிங்
ஐடி விஷயத்தில் எனக்கும் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் ஐடி கையில் வந்த பிறகும் சர்வருக்குப் போக வேண்டும் என்கிறீர்களே, அதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. செலக்டட்ஐட்டம் அந்த டேட்டாரோவ்யூதானே? விலையும் வரியும் அதற்குள்ளேயே இருக்கிறதே. கைக்குள் இருப்பதை எடுத்துக் கட்டத்தில் போட்டால் போயிற்று.

பழையவிபி
ஒரே கவுண்டர் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி, நானும் அப்படித்தான் எழுதுவேன். மூன்று கவுண்டர் இருக்கிற கடையில் காலை 9 மணிக்கு எல்லா மெஷினும் டேபிளை ஏற்றிக்கொள்கிறது. 11 மணிக்கு முதலாளி உள்ளே தன் மெஷினில் எண்ணெய் விலையை ஏற்றுகிறார். மூன்று கவுண்டரும் ராத்திரி கடை அடைக்கும் வரை காலை விலைக்கே விற்கும். பிரைமரி கீயை, அதாவது அந்த ஐடியை, வைத்து ஒரே ஒரு ரெக்கார்டைக் கேட்பது கடைக்குள் இருக்கும் நெட்வொர்க்கில் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. அந்த நேரத்தை மிச்சப்படுத்தப் போய் தப்பு விலைக்கு விற்க எனக்கு மனசு வராது.

மதுரைபைண்டிங்
நெட்வொர்க் விழுந்தால்? உங்கள் பில்லிங் நின்றுவிடும், வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள். என்னுடையது கையில் இருப்பதை வைத்து ஓடும். ஒவ்வொரு புது பில் தொடங்கும்போதும் கடைசியாகப் படித்த நேரத்துக்குப் பிறகு மாறிய பொருள்களை மட்டும் கேட்டு வாங்கினால் 11 மணி விலை அடுத்த பில்லிலேயே வந்துவிடும். ஒரு பில்லுக்கு நடுவில் விலை மாறாமல் இருப்பதுதான் வாடிக்கையாளருக்கும் நியாயம்.

பழையவிபி
சர்வர் விழுந்தால் பில்லைச் சேமிக்கவே முடியாதே தம்பி, பில் எண் எங்கிருந்து வரும்? நடு பில்லில் விலை மாறக் கூடாது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன், நல்ல நியாயம். மற்றதில் நான் ஐடி குவெரியை விட்டு நகர மாட்டேன்.

கவுண்டர்நிரலி
இரண்டு அண்ணன்களுக்கும் சோப்புக்கடை சாருக்கும் நன்றி. பிரேக்பாயின்ட் வைத்துப் பார்த்தேன், சொன்ன இடத்தில் அப்படியே நின்றது. நிரப்பும் கோடை செலக்ஷன்சேஞ்ச்கமிட்டடுக்கும் வேலிடேட்டடுக்கும் மாற்றிவிட்டேன், தேடுவது ஐடியை வைத்து. பழைய பில்லை ஏற்றும்போது அந்தப் பில்லின் பொருள் ஐடியையே கடைசி ஐடியாகவும் வைத்துவிடுகிறேன். இல்லையென்றால் திறந்த பில்லில் சும்மா டேப் அடித்தாலே வேலிடேட்டட் ஓடி மறுபடி 5 வந்துவிடுகிறது. அதில் ஒரு மணி நேரம் போனது. இங்கே இரண்டே கவுண்டர் என்பதால் குவெரியை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

நகல் இப்போது 1,180 என்று வருகிறது. முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். செப்டம்பர் 22-க்குப் பிறகு வேறு எந்தப் பழைய பில்லையாவது திறந்து சேமித்திருக்கிறோமா என்று கேட்டார். சேமித்திருந்தால் டேபிளிலும் 5 ஏறியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. மாற்றிய தேதியை பில் டேபிளில் வைத்திருக்கிறேன், ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன்.