வாரத் தலைப்பு ‘எதிர்வெளிச்சம்’: டச் பே கரைவலைப் படத்தில் ஆட்கள் ஏன் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிகிறார்கள்?

நீலக்கரை:

வணக்கம் எல்லாருக்கும். இந்த வாரத் தலைப்புக்கு திருகோணமலை டச் பே கடற்கரையில் கரைவலை (கடலில் விரித்துக் கரையிலிருந்து கயிற்றால் இழுக்கும் வலை) இழுக்கிறவர்களின் படத்தைப் போட்டிருக்கிறேன். சூரியன் எழும்பி 10 நிமிடமளவில் எடுத்தது. ஏபிஎஸ்-சி கமெரா, 18–55 கிட் லென்ஸ், 18 மி.மீ., எஃப் 5.6, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 400, மீட்டரிங் (வெளிச்சம் அளப்பது) ஓட்டோ, ஜேபெக். யூவி ஃபில்டர் போட்டிருந்தது. மணல்மேட்டில் நின்று கண் உயரத்தில் பிடித்த படம்.

குறைகள் எனக்கே தெரிகின்றன, காரணம்தான் தெரியவில்லை. கயிற்றில் ஏழு பேர் நிற்கிறார்கள், படத்தில் எண்ணக்கூடியது மூன்று பேரைத்தான். மற்ற நால்வரும் கடலோடு சேர்ந்து ஒரு கறுப்புத் திட்டு. சூரியனைச் சுற்றி வெள்ளையாகவே போய்விட்டது. படம் முழுக்கப் பால் ஊற்றினமாதிரி ஒரு மங்கல், வலது கீழ்ப்பக்கம் ஒரு பச்சைப் புள்ளி வேறு. சூரியன் கடுகளவுதான் இருக்கிறது.

வெள்ளி இரவுவரை படத்தை மாற்றலாம் என்றபடியால், திரும்பப் போய் எடுக்க இரண்டு மூன்று காலைகள் இருக்கின்றன. ‘அருமை’ என்று மட்டும் எழுதாமல், எந்த இடத்தில் என்ன பிழை என்று சொல்லுங்கள். தலைப்புக்குச் சூரியன் கட்டாயம் படத்துக்குள் இருக்கவேண்டுமா?

உப்புக்காற்று:

முதல் பிழை கமெராவில் இல்லை, நீங்கள் நிண்ட இடத்தில். இதை விளங்கிக்கொண்டால் பாதிப் படம் சரி.

கமெரா நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்குதோ, அதே உயரத்திலதான் தொடுவானக் கோடு எல்லார் உடம்பையும் வெட்டும். கிட்ட நிற்கிறவர், தூர நிற்கிறவர் என்ற வித்தியாசம் இல்லை. சமதரையில் 1.6 மீற்றர் உயரத்தில் பிடித்தால் கோடு எல்லாருடைய முகத்துக்குள்ளாலயும் போகும். ஆனால் கடற்கரை சமதரை இல்லையே. மணல்மேடு தண்ணீரிலிருந்து ஒரு மீற்றர் உயரமெண்டு வையுங்கோ. உங்கட கண் தண்ணீருக்கு மேல 2.6 மீற்றரில் இருக்கு. அலைக்குள் நிற்கிற 1.7 மீற்றர் ஆள் தலையோட முழுக்கத் தொடுவானத்துக்குக் கீழே போயிட்டார். அவருக்குப் பின்னால இருக்கிறது இருண்ட கடல். கறுப்பு உருவத்துக்குப் பின்னால கறுப்புக் கடல் நிண்டால் எப்படிப் பிரியும்? எண்ணக்கூடிய மூன்று பேரும் மேட்டில் உங்களுக்குக் கிட்ட, உங்களைவிட உயரத்தில நிற்கிறவை. அவையின்ர தோளுக்குப் பின்னால வானம் இருக்கு, அதனாலதான் தெரியினம்.

ஈரமணல் ஓரத்துக்கு இறங்கிக் குந்துங்கோ. கமெரா 40 – 50 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். கோடு முழங்காலை ஒட்டிப் போகும், இடுப்பு, முதுகு, தலை எல்லாம் வெளிச்ச வானத்தில் நிற்கும். கயிற்றில் ஆட்கள் பின்னுக்குச் சாய்ஞ்சு இழுக்கிற அந்தக் கோணம், குதிக்கால் மணலுக்குள் புதையிறது, இதுகள் கீழ இருந்து பார்த்தால்தான் வடிவாத் தெரியும்.

இரண்டாவது, ஆளுக்கு ஆள் இடைவெளி. கயிறு கடலிலிருந்து கரைக்கு நேராக வருது, சூரியனும் கடல் பக்கம். நீங்கள் சூரியனைப் பார்த்துப் பிடித்தால் கயிற்றின்ர நீளத்துக்குப் பார்க்கிறீங்கள், ஆட்கள் ஒருவருக்குப் பின் ஒருவராக அடுக்கப்படுவினம். ஆட்களுக்கு இடையில் 1.5 மீற்றர் எண்டு வைத்தால், பார்வை கயிற்றுக்கு 30 பாகை சரிஞ்சாலே பக்கவாட்டு இடைவெளி 75 செ.மீ. ஆகும். உடம்பின் அகலம் 50 செ.மீ. போக நடுவில் ஒரு கீற்று வானம் மிஞ்சும். ஆகவே கயிற்றிலிருந்து பக்கவாட்டாக 10, 15 அடி விலகி, சூரியன் சட்டகத்தின் ஓரத்துக்கு வாறமாதிரி நில்லுங்கோ. வலைக்கு இரண்டு கயிறு இருக்கு, இரண்டும் ஒரே கோணத்தில் வராது. எது உங்கட சூரியனுக்குச் சரிஞ்சிருக்கோ அந்தக் குழுவிடம் போங்கோ.

முதலில் சம்மாட்டியிடம் (வலைச் சொந்தக்காரரிடம்) ஒரு சொல் கேளுங்கோ. இழுபடுற கயிற்றைத் தாண்டிப் போகவேண்டாம், பின்பக்கமாக நடந்து வாறவரின்ர வழியில் குந்தவும் வேண்டாம். அவருக்கு நீங்கள் தெரியாது.

வெளிச்சக்கீற்று:

மேலே சொன்னது மிகச் சரி. வெளிச்சக் கணக்கை நான் பார்க்கிறேன்.

ஓட்டோ மீட்டர் சட்டகத்தின் கீழ்ப்பாதியில் இருந்த இருட்டைக் கண்டு படத்தை வெளுப்பாக்கிவிட்டது. இருண்ட உருவமும் கிடைக்கவில்லை, முகமும் தெரியவில்லை, இரண்டும் கெட்ட சாம்பல்தான் மிச்சம். எஃப் 8, 1/250, ஐஎஸ்ஓ 200 என்று வையுங்கள். உங்கள் அமைப்பைவிட ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டொப் (வெளிச்சம் பாதியாகும் அளவு), மொத்தம் 3 ஸ்டொப் குறைவு. வானத்தின் செம்மஞ்சள் திரும்பி வரும், ஆட்கள் உண்மையான கறுப்பாவார்கள். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. சூரியன் சட்டகத்துக்கு வெளியே இருக்கும்படி கமெராவைத் திருப்பி, அதற்குப் பக்கத்து வானத்தில் ஸ்பொட் மீட்டர் (ஒரு சிறு இடத்தை மட்டும் அளப்பது) வைத்து, அந்த அளவை மெனுவலில் பூட்டிவிட்டுச் சட்டகத்தை அமையுங்கள். முழு வெள்ளையாகிப்போன இடத்தைத் திரையில் காட்டும் ஹைலைட் எச்சரிக்கை சூரியத் தட்டில் மட்டும் மின்னினால் சரி. அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு மின்னினால் இன்னும் ஒரு ஸ்டொப் குறையுங்கள். சூரியன் ஏற ஏற அளவு மாறும், 2 – 3 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

பச்சைப் புள்ளி லென்ஸுக்குள் நடக்கும் எதிரொளிப்பு. உங்கள் படத்தில் சூரியன் இடது மேல், புள்ளி வலது கீழ். சட்டகத்தின் மையத்துக்கு நேர் எதிரே விழுவதே அதன் அடையாளம். யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள், பெரும்பாலும் குறையும். முழுதாகப் போக்க, சூரியனை ஒருவர் தலைக்குப் பின்னால் மறையுங்கள். 15 செ.மீ. அகலத் தலை 16 மீற்றர் தூரத்தில் இருந்தால் சூரியத் தட்டின் அளவுக்குச் சமன், அதைவிடக் கிட்ட நின்றால் முழுதாக மறையும். தலையைச் சுற்றி வெளிச்சக் கோடு வருவது அப்போதுதான்.

பால் ஊற்றினமாதிரி மங்கல் உப்பு. அலைத் தூவல் லென்ஸில் படிந்து காய்ந்தால் சாதாரண வெளிச்சத்தில் தெரியாது, எதிர்வெளிச்சத்தில் மட்டும் படம் முழுக்கத் திரை போட்டதுபோல் வரும். காய்ந்த துணியால் துடைக்கவேண்டாம், உப்புத் துகள் பூச்சைக் கீறும். முதலில் புளோவரால் ஊதி, பிறகு லென்ஸ் திரவத்தில் நனைத்த துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஏசி அறையிலிருந்து கமெராவை நேரே கொண்டுபோனாலும் லென்ஸ் வியர்த்து இதேபோல் மங்கும். பையைத் திறக்காமல் 20 நிமிடம் வெளிச் சூட்டில் வையுங்கள்.

சூரியன் கடுகளவு என்றீர்கள். லென்ஸின் மி.மீ. அளவை 110ஆல் பிரித்தால் சென்சரில் (கமெராவுக்குள் படத்தைப் பதியும் சில்லில்) சூரியத் தட்டின் அளவு வரும். 18 மி.மீட்டரில் 0.16 மி.மீ., உங்கள் சென்சரின் உயரத்தில் நூற்றில் ஒரு பங்கு. 200 மி.மீட்டரில் 1.8 மி.மீ., எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. 55 வரைதான் இருக்கிறது என்றால் பெரிய சூரியனை மறந்துவிடுங்கள், உருவங்களை நம்புங்கள். கடன் வாங்கி 200இல் எடுப்பதானால் ஒப்டிக்கல் வியூஃபைண்டரால் சூரியனைப் பார்க்கவே வேண்டாம், கண் போய்விடும். பின்திரையில் பாருங்கள்.

ரோவில் (கமெரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) எடுங்கள். ஜேபெக் வானத்தில் நிறத்தைக் கூட்டினால் பட்டை பட்டையாக உடையும். உங்கள் படத்தில் மேல் இடது மூலையில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

ஈரமணல்:

கமெரா இல்லாமல் போனில் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வாரம் வந்த போன் படங்களில் பலவற்றிலும் தலையைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கிறது. எச்டிஆர் (பல வெளிச்ச அளவுகளை ஒரே படமாக்கும் வசதி) இருட்டைத் தூக்கப் பார்ப்பதால் வருவது அது. செற்றிங்கில் அணைக்க முடிந்தால் அணையுங்கள். சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, சூரிய அடையாளத்தைக் கீழே இழுங்கள், வானத்தில் நிறம் திரும்பும் வரை. சட்டைப் பையில் கிடந்த போனின் லென்ஸில் விரல் எண்ணெய் இருக்கும், அதுதான் சூரியனிலிருந்து சாய்வாக நீளும் கோடு. துடைத்துவிட்டு எடுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.

கோணேசர்வாசல்:

தலைப்புப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சூரியன் சட்டகத்துக்குள் இருக்கத் தேவையில்லை. வெளிச்சம் பொருளுக்குப் பின்னாலிருந்து வந்து, படத்தில் அதுவே வேலை செய்யவேண்டும், அவ்வளவுதான். இந்த வாரம் வந்தவற்றில் பாதிக்குமேல் சூரியோதயம். சூரியன் இருப்பதால் மட்டும் எதிர்வெளிச்சப் படம் ஆகிவிடாது. உங்கள் படத்தில் வெளிச்சம் வேலை செய்யும் இடம் ஒன்றே ஒன்று: இரண்டாவது ஆளின் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் தெரியும் அந்த முக்கோண வானம். அதனால்தான் அவர் இழுக்கிறார் என்று தெரிகிறது. அப்படி ஏழு முக்கோணங்களைத் தேடுங்கள்.

மாற்று யோசனையும் சொல்கிறேன். பிரெட்றிக் கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்களின் காதைப் பின்வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய தோல், வெயில் ஊடுருவிச் சிவந்து, உள்ளே ஓடும் இரத்த நாளம் கிளை கிளையாகத் தெரியும். விளிம்பு மயிர் வெள்ளிக் கம்பியாக மின்னும். இதற்குப் பின்னணி இருட்டாக இருக்கவேண்டும்: நிழலில் இருக்கும் மதில், ஆலமரத்து அடி. இருட்டுப் பின்னணி மீட்டரை ஏமாற்றும், மைனஸ் 1 (ஒரு ஸ்டொப் குறைவு) போடுங்கள். ஷட்டர் 1/500க்குக் கீழே போகவேண்டாம், காது நிற்காமல் ஆடும். கிட்ட வரச்செய்யத் தீனி போடாதீர்கள். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, அந்தப் பக்கம் கமெராவைத் திருப்பவேண்டாம். துறைமுகத்தில் கடற்படைப் பகுதிகளுக்கும் இதுவே.

விடிய எழும்ப முடியாதவர்களுக்குத் திருமலையில் இன்னொரு வசதி உண்டு. நகரம் ஒடுங்கிய நிலத்துண்டில் இருப்பதால் கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். மாலையில் உட்துறைமுக வீதிப் பக்கம் நின்றால் சூரியன் தண்ணீருக்கு மேலாகவே இறங்கும். அலை இல்லை, உப்புத் தூவல் குறைவு, நங்கூரமிட்ட வள்ளங்கள் அசையாமல் நிற்கும்.

நேரம் பற்றி: நமது இடத்தில் சூரியன் ஏறக்குறைய நிமிர்ந்தே எழும்புகிறது. குளிர் நாட்டுக்காரர் எழுதும் ‘பொன்னிற மணித்தியாலம்’ (சூரியன் எழும்பியதும் வரும் மென்வெளிச்ச நேரம்) இங்கே 25 நிமிடம்தான். சூரியன் எழும்பும் நேரம் யூன் தொடக்கத்தில் 5.50 அளவில், ஜனவரிக் கடைசியில் 6.25 அளவில். அதற்கு 20 நிமிடம் முன்பே இடத்தில் நில்லுங்கள். திசையும் மாறும்: உப்புவெளியில் கடலைப் பார்த்து நின்றால் டிசெம்பரில் சூரியன் வலப்பக்கம், சுவாமி மலைப் பக்கமாக நெருங்கும், யூனில் இடப்பக்கம் தள்ளிப்போகும்.

மற்றவர்கள் படத்துக்குக் கருத்து எழுதும் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். ‘கொம்பொசிஷன் சரியில்லை’ என்று எழுதினால் எடுத்தவருக்கு அடுத்த காலையில் செய்ய ஒன்றும் இல்லை. ‘தொடுவானம் இடப்பக்கம் 1.5 பாகை சரிந்திருக்கிறது’, ‘வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட பிளாஸ்டிக் கூடை கண்ணை இழுக்கிறது’ என்று இடத்தைத் தொட்டு எழுதுங்கள். இந்த இரண்டும் நீலக்கரையின் படத்தில் உண்மையாகவே இருக்கின்றன.

நீலக்கரை:

எல்லாருக்கும் நன்றி. தொடுவானம் தலைக்கு மேலே போனதை இப்போதுதான் படத்தில் பார்க்கிறேன், கூடை கண்ணிலேயே படவில்லை. இரண்டு சந்தேகம். குந்தி எடுத்தால் கீழே மணல் நிறைய வருமே? அலை வந்து கமெரா நனைந்தால்?

உப்புக்காற்று:

மணல் நிறைய வராது. கமெராவை மட்டமாகப் பிடித்தால் கோடு சட்டகத்தின் நடுவில் வரும், கொஞ்சம் மேல்நோக்கிச் சரித்தால் கீழ் மூன்றில் ஒன்றுக்கு இறங்கும். 18 மி.மீட்டரில் சரிக்கும்போது ஓரத்தில் நிற்கிறவை உள்பக்கம் சாய்ஞ்சமாதிரி வருவினம். 35க்கு மேல் போங்கோ, அந்தச் சாய்வு குறையும், ஆட்களும் பெரிசாவினம். குறைஞ்சது ஏழெட்டு மீற்றர் பின்னுக்கு நில்லுங்கோ.

நனையிறதுக்குத் தடித்த பொலித்தீன் பை ஒன்று. அடியில் லென்ஸ் அளவுக்கு வெட்டி, லென்ஸ் ஹூட்டில் இறப்பர் பாண்டால் இறுக்குங்கோ, கை பின்னால் திறந்த வாயால் போகட்டும். குந்துறதுக்கு முன்னம் ஐந்து நிமிடம் நிண்டு, பெரிய அலை எதுவரை ஏறுது எண்டு பாருங்கோ. அந்த ஈரக்கோட்டுக்கு இரண்டடி மேலே இருந்தால் போதும். ஒரு முழங்கால் மட்டும் மணலில், எழும்ப லேசு.

ஆட்கள் இழுக்கேக்க உடம்பு முன்னுக்கு வந்து, பிறகு பின்னுக்குச் சாயும். முழுக்கச் சாய்ஞ்சு கயிறு இறுகி நிற்கிற கணத்தில் அமத்துங்கோ. அம்பா பாட்டு (வலை இழுக்கேக்க பாடுற பாட்டு) பாடினால் அந்தத் தாளத்தைக் காதால பிடிக்கலாம். முதல் படம் எடுத்ததும் பெருப்பித்து, ஏழு தலையைச் சுற்றியும் வானம் தெரியுதோ எண்டு எண்ணுங்கோ. ஆறுதான் வந்தால் அரையடி பக்கத்துக்கு நகருங்கோ.