சிப்பி எடுக்கப் போகும் முன்
(‘பாட்டி வீடு’ குழு, சனிக்கிழமை இரவு)

தம்பி: நாளைக்குக் காலையில் கடியபட்டணம் பாறைக்குச் சிப்பி எடுக்கப் போகிறோம், யாருக்கெல்லாம் வேண்டும், இப்போதே சொல்லுங்கள்

கருங்கல் பெரியம்மா: எனக்கு ஒரு நூறு. நல்ல பெரிசாகப் பார்த்து எடு மக்கா

தம்பி: இந்தத் தடவை நிறையக் கிடைக்கும் பெரியம்மா. முங்குவதற்கு முன்னால் முப்பது தடவை வேகமாக மூச்சை இழுத்து விட்டால் கூடுதல் நேரம் அடியில் இருக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். திண்ணையில் இருந்து செய்து பார்த்தேன், 50 வினாடி தாங்கியவன் 1 நிமிடம் 40 வினாடி தாங்கிவிட்டேன் 💪

நாகர்கோவில் சித்தி: லேய், அதைத் தண்ணீரில் செய்துவிடாதே

தம்பி: ஏன் சித்தி, ஆக்சிஜன் கூடத்தானே செய்யும்?

நாகர்கோவில் சித்தி: கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அங்கேதான் கிடக்கும், விரலில் மாட்டிப் பார்

தம்பி: 98

நாகர்கோவில் சித்தி: இப்போது முப்பது தடவை இழுத்து விட்டுப் பார்

தம்பி: 99 😐

நாகர்கோவில் சித்தி: அவ்வளவுதான் கூடியது. குறைந்ததுதான் விஷயம், உடம்பில் இருந்த கார்பன் டை ஆக்சைடை நீயே வெளியே தள்ளிவிட்டாய். மூச்சை அடக்கும்போது ஒரு கட்டத்தில் நெஞ்சு துடித்து இனி முடியாது என்று வரும் இல்லையா, அது ஆக்சிஜன் தீர்ந்ததால் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால்தான் வருகிறது. பிடரிக்கு உள்ளே, மூளை தண்டுவடத்தோடு சேரும் இடத்தில் முகுளம் இருக்கிறது, நாம் தூங்கினாலும் மூச்சை நடத்துவது அதுதான். கார்பன் டை ஆக்சைடு ஏறினால் அங்கே அமிலம் கூடும், உடனே உதரவிதானத்துக்கு ‘இழு, இழு’ என்று உத்தரவு போகும்

கருங்கல் பெரியம்மா: அது என்னது உதரவிதானம்?

நாகர்கோவில் சித்தி: நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் விரிந்து கிடக்கும் தசை அக்கா. அதற்கான நரம்பு கழுத்துத் தண்டுவடத்தில் 3, 4, 5 என்று எண்ணும் இடத்தில் இருந்து இறங்குகிறது. பனையில் இருந்து விழுந்து அதற்கு மேலே அடிபட்டு வந்தவர்களை ஐசியுவில் பார்த்திருக்கிறேன், முகுளம் நன்றாகத்தான் இருக்கும், உத்தரவு கீழே இறங்காது, வெண்டிலேட்டர்தான்

நான்: ஆக்சிஜன் குறைந்தால் சொல்லவும் ஆள் உண்டே சித்தி, கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் குட்டியாக ஒன்று. போன வாரம்தான் வகுப்பில் நடத்தினார்கள், அது மூச்சை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று கண்டுபிடித்த பெல்ஜியத்துக்காரர் ஹேமன்ஸுக்கு 1938 நோபல் பரிசு

நாகர்கோவில் சித்தி: உண்டு மக்கா, ஆனால் ஆக்சிஜன் நன்றாக இறங்கிய பிறகுதான் அது சத்தம் போடும். கொரோனாவில் 80 காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தவர்களை மறந்துவிட்டாயா? இவனைப் போல கார்பன் டை ஆக்சைடையும் முதலிலேயே ஊதித் தள்ளிவிட்டு முங்கினால், மூச்சு முட்டுவதற்கு முன்னால் மயக்கம் வந்துவிடும்

கருங்கல் பெரியம்மா: சின்னதில் இவன் அழுது அழுது மூச்சு நின்று நீலமாகிவிடுவானே, பிறகு தானாகத்தானே வந்தது?

நாகர்கோவில் சித்தி: ஆமாம் அக்கா, மயங்கியதும் முகுளம் தன் வேலையைத் தொடங்கிவிடும். கரையில் என்றால் பிழைத்தான். தண்ணீருக்குள் மயங்கினாலும் அது இழுக்கத்தான் சொல்லும், உள்ளே போவது கடல்

குளச்சல் மாமா: இப்போதுதான் எல்லாவற்றையும் வாசித்தேன். எங்கள் காலத்தில் என்கூட முங்கிய ஒருத்தன் இப்படித்தான், புஸ் புஸ் என்று ஊதிவிட்டு முங்குவான், ஒரு நாள் மேலே வரவில்லை. நான் போய்த் தூக்கினேன். கையும் காலும் உதைத்த அடையாளமே இல்லை, சிப்பிப் பை இடுப்பில் கட்டியபடியே இருந்தது. இடத்துக்கு ஏதோ தோஷம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்

தம்பி: சரி மாமா, ஊதவில்லை

குளச்சல் மாமா: நானும் வருகிறேன். ஒருத்தன் முங்கினால் ஒருத்தன் மேலே நின்று அவனையே பார்க்க வேண்டும். 5 மணிக்கு வந்துவிடு

கருங்கல் பெரியம்மா: எனக்கு ஐம்பது போதும் மக்கா