பத்தாம் வகுப்புக் கணக்கும் எங்கள் ஊர் மாலை வகுப்பும்

தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தரும் தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம், 2021 அக்டோபரில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அதற்கு மேல் படிப்பவர்களுக்காக, போளூர் பக்கமுள்ள எங்கள் சிற்றூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். அதில் பத்தாம் வகுப்புக் கணக்கு என் பொறுப்பு.

வந்த பிள்ளைகளில் பலர் குறை எண்களைக் கூட்டுவதற்கே தடுமாறினார்கள். காரணிப்படுத்தலை முதலில் எடுத்தால் மறுநாளே பாதிப்பேர் வரமாட்டார்கள் என்பதால், செய்முறை வடிவியலையும் வரைபடத்தையும் முதலில் எடுத்துக்கொண்டோம். பொதுத்தேர்வில் இவ்விரண்டுக்கும் தலா 8 மதிப்பெண் உண்டு. தேர்ச்சிக்குரிய 35-இல் ஏறக்குறையப் பாதி இதிலேயே தேறிவிடும். இது வெறும் குறுக்குவழி என்று ஆசிரிய நண்பர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் வரையத் தெரிந்த பிள்ளை அங்கேயே நின்றுவிடுவதில்லை என்பதை நான் நேரில் பார்த்தேன்.

எதைக் கேட்டாலும் தலை குனிந்துகொள்ளும் ஒரு மாணவி, கவராயத்தில் பென்சில் நழுவாதிருக்கக் காகிதத்தை மடித்துச் செருகிக்கொண்டு, 3 செ.மீ. ஆரமுள்ள வட்டத்துக்கு, மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளியிருந்த புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரைந்தாள். அளவுகோலில் 4 செ.மீ. வந்தது. சரிபார்த்தலில் 25-இலிருந்து 9 போக 16, அதன் வர்க்கமூலம் 4 என்று வந்ததும், "அப்போ வரையாமலே நீளத்தைச் சொல்லிடலாமா சார்?" என்று கேட்டாள். பிதாகரஸ் தேற்றத்தை அன்றுதான் அந்த வகுப்புக்கு என்னால் உருப்படியாகச் சொல்ல முடிந்தது; அவர்கள் தடுமாறிய குறை எண்களுக்கும் அதன் வழியாகவே திரும்பிப் போனோம்.

பாடத்தைவிட நேரம்தான் பெரும் சிக்கல். பள்ளியில் சிறப்பு வகுப்பு முடிந்து பேருந்து பிடித்து வருவதற்குள் இருட்டிவிடுகிறது. பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கியபோது, மகளிர் குழு அக்காக்கள் முறை வைத்து அவர்களை வீடு வரை கொண்டுவிட முன்வந்தார்கள். புதிதாக வகுப்பு தொடங்க நினைப்பவர்கள், கரும்பலகை வாங்குவதற்கு முன் இந்த ஏற்பாட்டைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது.