டைனமிக் எஸ்கியூஎல்லில் வேரியபிளை ஒட்டாதீர்கள், பாராமீட்டராக அனுப்புங்கள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக்கடை. பில்லிங் எஸ்கியூஎல் சர்வர் (SQL Server) டேட்டாபேஸில் ஓடுகிறது. விற்பனைக்கு ஆண்டுக்கு ஒரு டேபிள். ஆண்டையும் சரக்கின் பெயரையும் கொடுத்தால் மொத்தத் தொகை சொல்லும் ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள் சேமித்து வைக்கும் நிரல்) ஒன்று ஏற்கெனவே இருந்தது. டேபிள் பெயரே மாறுவதால் டைனமிக் எஸ்கியூஎல்தான், அதாவது கட்டளையை ஓடும் நேரத்தில் ஸ்டிரிங்காகக் கட்டி ஓடவிடுவதுதான் வழி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லா வேரியபிளையும் ஒற்றை மேற்கோளுக்குள் பிளஸ் போட்டு ஒட்டி, எக்ஸெக் (EXEC) கட்டளையில் ஓடவிட்டிருந்தார்கள்.

"தம்பி, சுங்குடி கண்ணு முன்னாடி அடுக்கிக் கிடக்கு, ஒண்ணுகூட விக்கலேங்குது இது" என்றார் கணக்குப்பிள்ளை.

ஓடும் ஸ்டிரிங்கை பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். சுங்குடி இருக்க வேண்டிய இடத்தில் எட்டுக் கேள்விக்குறிகள்! வேரியபிள் வார்சார் (யூனிகோடு அல்லாத varchar வகை); கொலேஷனும் (எழுத்துகளை எப்படிக் கையாள்வது என்ற அமைப்பு) தமிழ் தாங்காதது. நாலெழுத்துக்கு எட்டு வந்ததற்குக் காரணம், மெய்யும் அதன் மேல் வரும் குறியும் தனித்தனியாகப் பதிவாவதுதான். யூனிகோடு வகையான என்வார்சாராக (nvarchar) மாற்றினால் மட்டும் போதாது. ஒட்டுகிற மேற்கோளுக்கு முன்னால் N என்ற ஆங்கில எழுத்தும் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மறுபடி கேள்விக்குறிதான்.

அதனால் ஒட்டுவதையே நிறுத்திவிட்டு எஸ்பி_எக்ஸிகியூட்எஸ்கியூஎல்லுக்கு (sp_executesql, ஸ்டிரிங்கைப் பாராமீட்டர்களோடு ஓடவிடும் புரொசீஜர்) மாற்றினேன். சரக்கின் பெயர் பாராமீட்டராகப் போகிறது. தேடும் பெட்டியில் யாராவது ஒற்றை மேற்கோள் அடித்தாலும், வேண்டுமென்றே டிராப் டேபிள் (டேபிளையே அழிக்கும் கட்டளை) என்று அடித்தாலும், அது வெறும் மதிப்புதான், கட்டளை ஆகாது. கடையின் மொத்தக் கணக்கும் இருக்கிற இடம், இதில் அசட்டை கூடவே கூடாது. டேபிள் பெயரைப் பாராமீட்டராக அனுப்ப முடியாது. டேபிள்களின் பட்டியலான சிஸ்.டேபிள்ஸில் (sys.tables) அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, கோட்நேமில் (QUOTENAME, பெயரைச் சதுர அடைப்புக்குள் போடும் ஃபங்ஷன்) சுற்றித்தான் ஒட்ட வேண்டும்.

தொகையை வெளியே எடுப்பதில்தான் நிறையப் பேர் திணறுகிறார்கள். டைனமிக் ஸ்டிரிங் தனி பேட்ச், அதாவது தனியாக ஓடும் கட்டளைத் தொகுதி. வெளியே டிக்ளேர் செய்த @மொத்தம் உள்ளே தெரியாது, 137 எரர்தான் வரும். அவுட்புட் பாராமீட்டராகக் கொடுங்கள். அவுட்புட் என்ற சொல் பாராமீட்டர் வரையறையிலும் வேண்டும், அழைக்கும் இடத்திலும் வேண்டும். அழைக்கும் இடத்தில் விட்டுப்போனால் எரரே வராது. @மொத்தம் நல் (NULL, மதிப்பே இல்லாத நிலை) ஆகவே நிற்கும்.

அப்புறம் இன்னொன்று. பிளஸ் போட்டு ஒட்டும்போது ஒரு வேரியபிள் நல் என்றாலும் முழு ஸ்டிரிங்கும் நல் ஆகிவிடும். ஒன்றும் ஓடாது, எரரும் வராது. கோட்நேமும் 128 எழுத்தைத் தாண்டினால் நல் தரும். ஓடவிடுவதற்கு முன் ஸ்டிரிங் நல் ஆக இருக்கிறதா என்று ஒரு வரி சோதனை போட்டு, நல் என்றால் எரர் கிளப்பிவிடுங்கள்.