எலுமிச்சை முள்ளு குத்தி 18 நாளாச்சு, விரல் வீக்கம் வத்தவே இல்ல

பின்கட்டு எலுமிச்சைல காஞ்ச கெளைய வெட்டுறப்ப வலது கை நடுவிரல்ல, சரியா நடு மூட்டுல முள்ளு நேரா எறங்கிருச்சுங்க. கிளவுஸ் போட்டிருந்தேன், ஆனா துணி கிளவுஸ், அது என்னத்த தடுக்கும். புடுங்கிப் பாத்தா முள்ளோட நுனி மொட்டையா இருந்துச்சு, அப்பவே சந்தேகம்தான்.

சோப்பு போட்டு கழுவி பெட்டாடின் வச்சேன், மறுநாளே டிடி ஊசி போட்டாச்சு. அம்மா வெல்லமும் சுண்ணாம்பும் கொழச்சு பத்து போட்டாங்க, தோல் வெந்ததுதான் மிச்சம். கிளினிக்ல 5 நாள் ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்க, சாப்புடுறப்ப கொறஞ்சுது, நிறுத்தின மூணாம் நாள் திரும்ப வீங்கிருச்சு. எக்ஸ்ரே கிளியர்னு சொல்லிட்டாங்க, முள்ளு மாதிரி செடித்துண்டு எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாதுன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

இப்ப காய்ச்சல் இல்ல, சீழ் இல்ல, சிவப்புக்கோடும் ஏறல. ஆனா மூட்டு மட்டும் நெல்லிக்கா மாதிரி உருண்டு நிக்குது, காலைல எந்திரிச்சா பாதிதான் மடங்குது, தோசைக்கரண்டி கூட இடது கைலதான். சுகர் எனக்கு இல்ல, வயசு 41, ஊரு திண்டுக்கல்.

இதே மாதிரி மூட்டுக்குள்ள முள்ளு தங்குனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, மொதல்ல அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துட்டு போகணுமா, இல்ல நேரா மதுரைல கை சர்ஜன் யாரையாச்சும் பாத்துரலாமா?