டெல்லிக் குளிரில் சைக்கிளில் ஆபீஸ் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வைகைக்கரை (டிசம்பர் 9)

மதுரைக்காரன் நான். ஜூலையில் மாற்றலாகி டெல்லி வந்தேன். முனிர்காவில் மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஆபீஸ் லோதி ரோடு சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸில். மழை நின்றதும் கைமாறி வந்த கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி அதில்தான் போய்வருகிறேன். ஆப்பிரிக்கா அவென்யூ, சரோஜினி நகர், சப்தர்ஜங் கல்லறை, அப்படியே லோதி ரோடு. ஒரு வழிக்கு ஒன்பது பத்து கிலோமீட்டர் வரும். அக்டோபர் முதல் பாதி சொர்க்கம்தான். வியர்வை இல்லை, சிக்னலில் நின்றால் வேப்பமரத்து நிழல், ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் நல்ல பசி.

தீபாவளிக்குப் பிறகு காற்று கெட்டது. இப்போது குளிரும் சேர்ந்துகொண்டது. காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பினால் பிகாஜி காமா பிளேஸ் வருவதற்குள் விரல் மரத்துப்போய், பிரேக்கைப் பிடிக்கிறேனா இல்லையா என்றே தெரிவதில்லை. முகமூடி போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது, போடாவிட்டால் மாலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பு. தடிமன் ஜாக்கெட் போட்டால் பாதி வழியில் உள்ளே வியர்த்து, ஆபீஸில் உட்கார்ந்த பிறகு அந்த வியர்வையே குளிர்கிறது.

இன்னொரு கூத்து. எங்கள் வீட்டில் சைக்கிள் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் பழக்கம். அம்மா தலைக்கு அனுப்பிய எண்ணெயில் கொஞ்சம் எடுத்துப் போன வாரம் விட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் கண்ணிக்குக் கண்ணி மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்து, அதன்மேல் தெருத் தூசியெல்லாம் ஒட்டி, கியர் மாற்றினால் கறகறவென்று ஒரு சத்தம்.

ஆபீஸில் எல்லோரும் எனக்குப் பைத்தியம் என்று முடிவே கட்டிவிட்டார்கள். பிப்ரவரி வரை சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு மெட்ரோவுக்கு மாறிவிடட்டுமா, இல்லை இதற்கெல்லாம் வழி இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செக்டர்ஏழு

தம்பி, தேங்காய் எண்ணெய்க் கதையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறைந்துவிடும். மதுரையில் உனக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. செயினைக் கழற்றி மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு ஒரு பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு, துடைத்துக் காய்ந்த பிறகு தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் நாலு சொட்டு போதும். அந்தத் தேங்காய் எண்ணெயை உதட்டுக்கும் கைக்கும் வைத்துக்கொள், இந்த ஊர் வறட்டுக் குளிருக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

நான் 1983-ல் கிளார்க்காக இங்கே வந்தவன். ஆர்.கே. புரம் ஏழாவது செக்டரில் குவார்ட்டர்ஸ், முருகன் கோயிலான மலை மந்திருக்குப் பக்கத்தில். மார்கழியில் விடியற்காலை கோயில் பொங்கலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, எட்டரைக்கு சைக்கிளை எடுத்தால் ரிங் ரோட்டைத் தாண்டி சாந்தி பத், தீன் மூர்த்தி வழியாக ஒன்பதே காலுக்கு ஆபீஸ். டி.டி.சி. பஸ்ஸுக்காக அந்தக் குளிரில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும், மிதித்துக்கொண்டே போகிறவனுக்குக் குளிர் எவ்வளவு குறைச்சல் என்று. அன்று எங்களிடம் ஏது ஜாக்கெட்? ஒரு கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் சட்டைக்கும் நடுவே முதல் நாள் செய்தித்தாளை நாலாக மடித்து நெஞ்சோடு வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்று அந்தத் தாளைத் தாண்டி உள்ளே வராது. ஆபீஸ் போனதும் உருவி மேஜைக்குள் போட்டுவிடலாம், திரும்பும்போது மறுபடி அதே தாள். இன்றைக்கும் இது வேலை செய்யும், செய்து பார்.

அப்புறம் மங்கி குல்லா. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காதுக்குள் காற்று போகாமல் பார்த்துக்கொண்டாலே பாதிக் குளிர் போச்சு.

காற்று கெட்டுவிட்டது என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். எங்கள் காலத்தில் சாயங்காலம் ஆனால் வாசலுக்கு வாசல் அங்கீட்டி என்கிற அடுப்பில் கரி புகையும். 2001, 2002 வாக்கில் சி.என்.ஜி.க்கு மாறும்வரை டி.டி.சி. பஸ் ஒவ்வொன்றும் முகத்தில் கறுப்பாக ஊதிவிட்டுத்தான் போகும். அதிலேயே இருபது வருஷம் மிதித்தேன், இன்னும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். டிசம்பருக்கே இப்படிச் சொல்கிறாயே, தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் ஊரிலேயே சொல்வார்கள். ஜனவரி வரட்டும், பிறகு பேசலாம்.

யமுனைப்பக்கம்

செய்தித்தாள் யோசனை அருமை சார். காற்று விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நீங்கள் நன்றாக இருப்பது சந்தோஷம், ஆனால் அதை வைத்து இன்னொருவரை மிதிக்கச் சொல்ல முடியாது. சும்மா உட்கார்ந்திருப்பதைவிட மிதிக்கும்போது பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறோம், அதுவும் வாயால்.

நான் மயூர் விஹார் ஃபேஸ் 1-லிருந்து நொய்டா செக்டர் 16-க்கு நாலு வருஷமாக சைக்கிளில் போகிறேன். குளிரால் ஒரு நாள்கூட நிறுத்தியதில்லை, காற்றால் நிறைய நாள் நிறுத்தியிருக்கிறேன். தம்பிக்குச் சொல்கிறேன், காற்று மாசைக் காட்டும் சமீர் ஆப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆர்.கே. புரம், லோதி ரோடு இரண்டு இடத்திலும் கருவி இருக்கிறது, உங்கள் பாதையின் இரண்டு முனையும் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெரிதாகக் காட்டும் அந்தக் குறியீட்டு எண் கடந்த 24 மணி நேரத்துச் சராசரி. இந்த நிமிஷம் வெளியே எப்படி என்பது அதில் தெரியாது, மணிவாரியாக பி.எம். 2.5, அதாவது காற்றில் மிதக்கும் நுண்தூசி, எவ்வளவு என்று பாருங்கள். இரவெல்லாம் காற்று அசையாமல், குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கிடக்கும், மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும், புகையெல்லாம் நடுவில் மாட்டிக்கொள்ளும். வெயில் ஏறினால்தான் அந்த மூடி திறக்கும். அதனால் ஆபீஸில் கொஞ்சம் தள்ளி வர விட்டார்கள் என்றால் பத்து மணிக்குக் கிளம்புங்கள், அதுவே பெரிய வித்தியாசம். குறியீடு 400-ஐத் தாண்டிய நாளில் நான் சைக்கிளைத் தொடுவதே இல்லை. உங்களுக்கு முனிர்காவில் மெஜந்தா லைன் ஏறி கால்காஜி மந்திரில் வயலட் மாறினால் ஜே.எல்.என். ஸ்டேடியம், அங்கிருந்து ஆபீஸ் நடை தூரம். அந்த நாட்களில் பேசாமல் அதில் போங்கள்.

முகமூடி என்95-ஆக இருக்கட்டும், துணி முகமூடி புழுதிக்குத்தான் உதவும். மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி, அதன் மேல் கண்ணாடி உட்கார்கிற மாதிரி போட்டால் ஆவி மேலே வராது. அப்படியும் வந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டு சோப்பைத் தடவி உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

சால்வை மட்டும் வேண்டவே வேண்டாம். முதல் வருஷம் அம்மா கொடுத்த பஷ்மீனாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போனேன். நொய்டா லிங்க் ரோட்டில் ஒரு முனை நழுவிப் பின் சக்கரத்தில் சிக்கி, பிரேக்கே பிடிக்காமல் சைக்கிள் தானாக நின்றது. நான் நிற்கவில்லை. நல்ல வேளை பின்னால் எதுவும் வரவில்லை. கம்பிகளுக்கு நடுவில் கயிறு மாதிரி முறுகிக் கிடந்ததை ஒரு டீக்கடைக்காரர் கத்தரிக்கோல் கொண்டுவந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்தார். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜெயநகர்நாலாம்பிளாக்

பெங்களூரிலிருந்து. இங்கே 15 டிகிரிக்கே நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ‘என்ன குளிர், என்ன குளிர்’ என்று காபி குடித்துக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு.

ஓட்டைமட்கார்டு

பெங்களூர்க்காரரே, சீக்கிரம் ஒரு மாற்றல் கிடைக்கட்டும் என்று வாழ்த்துகிறேன்.

கை மரத்துப்போவதற்கு வருவோம். கம்பளிக் கையுறை மட்டும் போட்டால் பிரயோஜனம் இல்லை, நெய்த ஓட்டை வழியாகக் காற்று நேராக உள்ளே போகும். 5 டிகிரியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் தோலுக்கு அது 1 டிகிரி மாதிரி. மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் கையுறையை அடியில் போட்டு, மேலே கம்பளியைப் போடுங்கள். உள்ளங்கை வியர்க்கும், ஆனால் விரல் உயிரோடு இருக்கும். ஜாக்கெட் விஷயத்தில் ஒரே கணக்குதான், வாசலை விட்டுக் கிளம்பும்போது லேசாக நடுங்க வேண்டும். அறைக்குள்ளேயே கதகதப்பாக இருந்தால் ஒரு துணி அதிகம் என்று அர்த்தம். உள்ளே பருத்தி பனியன் போடாதீர்கள், வியர்வையைக் குடித்துவிட்டு உலரவே உலராது. ஒரு சட்டையை ஆபீஸ் டிராயரிலேயே வைத்துவிடுங்கள்.

டயரில் காற்று குறைகிறது, பஞ்சரும் இல்லை என்று இந்த மாதம் எல்லோரும் கடைக்கு ஓடுவார்கள். குளிரில் காற்று சுருங்கும், அவ்வளவுதான். 60 பி.எஸ்.ஐ. அடித்து வைத்த டயர் பத்து டிகிரி இறங்கினால் இரண்டரை பி.எஸ்.ஐ. போல இழக்கும். வாரம் ஒரு தடவை அடித்துக்கொண்டால் போதும்.

நான் நிஜமாகப் பயப்படுவது பனிமூட்டத்துக்குத்தான். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சில நாள் 50 மீட்டர்கூடத் தெரியாது. முன் விளக்கை நேராக வைத்தால் வெளிச்சமெல்லாம் பனியில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பி வரும், தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று போதாது, சீட்டுக்கடியில் ஒன்று, முதுகுப் பையில் ஒன்று. ரோட்டு வேலை செய்கிறவர்கள் போடும் பச்சை மஞ்சள் ஜாக்கெட் ஒன்றையும் வாங்கிவிடுங்கள், அழகாக இருக்காது. இவ்வளவும் செய்தாலும் எதிர்ப்பக்கத்தில் ராங் சைடில் ஒருத்தன் விளக்கில்லாமல் பைக்கில் வருவான், அவனுக்கு மருந்தில்லை. காது திறந்திருக்கட்டும், அதனால் மங்கி குல்லா விஷயத்தில் பெரியவரோடு எனக்குக் கொஞ்சம் தகராறு உண்டு.

சைக்கிளுக்குத் தனிப் பாதை என்று 2008-ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பி.ஆர்.டி. என்ற பஸ் தனிப்பாதையோடு போட்டார்கள். அதிலும் மோட்டார் பைக் வைத்திருக்கிறவர்கள்தான் புகுந்து ஓட்டினார்கள், பிறகு மொத்தத்தையும் பெயர்த்துவிட்டார்கள். அந்தப் பேச்சை எடுத்தால் நிறுத்த மாட்டேன், விடுங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ‘இந்தக் குளிரில் சைக்கிளா’ என்று உங்கள் ஆபீஸில் ஆச்சரியப்படுகிறார்களே, காலை ஆறரைக்கு ரிங் ரோட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இரவு டூட்டி முடித்த செக்யூரிட்டிக்காரர்கள், பேப்பர் போடுகிறவர்கள், கேரியரில் டிபன் கட்டிய கட்டட வேலைக்காரர்கள், நூற்றுக்கணக்கில் போகிறார்கள். அவர்களிடம் யாரும் பைத்தியமா என்று கேட்பதில்லை.

நல்லதும் சொல்கிறேன். மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழை ஒரு நாள் தூறிவிட்டு நின்ற மறுநாள் காலை, வானம் அலம்பி விட்ட மாதிரி இருக்கும், அன்றைக்கு மட்டும் லீவு போடாதீர்கள். குடியரசு தின ஒத்திகைக்காகக் கர்த்தவ்ய பத் சுற்றுவட்டாரத்தில் ரோடு மூடினால் கார்க்காரர்கள் அழுவார்கள், நாம் இறங்கித் தள்ளிக்கொண்டு சந்து வழியாகப் போய்விடலாம். பிப்ரவரியில் ஒரு நாள் சாந்தி பத் வழியாகச் சுற்றிப் போங்கள், ஓரமெல்லாம் துலிப் பூத்திருக்கும்.

வைகைக்கரை (ஜனவரி 14)

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. நிறுத்தவில்லை. இந்த ஐந்து வாரத்தில் பதினோரு நாள் மெட்ரோ, மிச்சமெல்லாம் சைக்கிள். செய்தித்தாள் நெஞ்சில் இருக்கிறது சார், சர்ஜிக்கல் கையுறை கையில் இருக்கிறது. வானிலைத் துறை ஆபீஸான மௌசம் பவன் வழியாகத்தான் தினமும் போகிறேன், அதைத் தாண்டும்போதெல்லாம் இன்றைக்கு எத்தனை டிகிரி என்று உள்ளே போய்க் கேட்கலாமா என்று தோன்றும். மாலையில் திரும்பும்போது சரோஜினி நகர்ப் பக்கம் ஒருவர் கரி அடுப்பில் சக்கரவள்ளிக் கிழங்கு சுடுகிறார். தோலை உரித்துத் துண்டு போட்டு, எலுமிச்சை பிழிந்து மசாலா தூவி இலைத் தொன்னையில் தருவார். கையுறையைக் கழற்றிவிட்டு அந்தத் தொன்னையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிற ஐந்து நிமிஷத்துக்காகவே சைக்கிளில் வருகிறேனோ என்னவோ.

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஆய்வுக்காக ஆறரைக்கே கிளம்ப வேண்டியிருந்தது. சரியான பனிமூட்டம். சப்தர்ஜங் கல்லறை இருக்கிற இடமே தெரியவில்லை, என் முன் சக்கரமும் அதற்கு முன்னால் ஒரு பாய் அளவு ரோடும்தான் தெரிந்தது. பின்னால் சைக்கிள் ஒன்றின் செயின் கவர் ஆடும் சத்தம் கூடவே வந்துகொண்டிருந்தது. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக, வேகமாகப் போனால் அதுவும் வேகமாக. முதலில் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. சிக்னலில் நின்றதும் பக்கத்தில் வந்து நின்றார், காக்கி ஸ்வெட்டர், கழுத்தில் விசில் கயிறு, ஐம்பது வயது இருக்கும். சைக்கிளில் விளக்கும் இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை. ‘அண்ணா, உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன், அணைத்துவிடாதீர்கள்’ என்றார். ஜோர் பாக் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பிவிட்டார்.

தினமும் அதே நேரத்துக்குப் போவார் என்று நினைக்கிறேன். பையில் மாட்டியிருக்கும் இரண்டாவது விளக்கை அவருக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆன்லைனில் வாங்கியது மூன்றே வாரத்தில் தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போனது, இது ஊரிலிருந்து தம்பி அனுப்பியது. நல்லதாக எங்கே கிடைக்கும்?

செக்டர்ஏழு

ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டுக்குப் போ. சொல்கிற விலையில் பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பி. பேட்டரி உள்ளே இருக்கிறதா என்று அங்கேயே எரியவிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடு. எனக்கும் ஒன்று வாங்கு தம்பி, பேரன் சைக்கிளுக்கு.